ஊரைப் புதுக்கும் பொருள்

நடுநாட்டில் தென்பெண்ணையாற்றின் தென்பால் அமைந்த திருவெண்ணெய்நல்லூர், தமிழ் பயில்வார் யாவரும் அறிந்த பழம்பதியாகும். கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலின் ஊர் அது; சிவஞானபோதம் இயற்றிய மெய்கண்டார் வாழ்ந்த ஊரும் அதுவே. இந்நாளில் அது விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடமாயும், பேரூராட்சியாயும் விளங்குகின்றது. கல்லூரி அன்பர்காள்! வள்ளல் ஒருவர் இருந்தமையால் கவிஞர் ஒருவர் கவலையின்றிக் காப்பியம் பாடினார் என்று நாம் பெருமையோடு படிக்கின்றோம். ஆனால் ஓர் ஊர் முழுவதற்கும் தெருவும், சாக்கடையும், குடிநீரும், சந்தையும், விளக்கும் வேண்டுமாயின், அதற்கு வள்ளல் ஒருவர் போதுவரோ? ஈகை, ஈவார் உள்ள வரையில் நிற்பது. அது அவர்தம் உள்ளம் உவந்த இடத்தே செல்வது. ஊரின் தேவையோ ஆண்டுதோறும் வருவது; அது எல்லார்க்கும் பொதுவானது. ஆகவே ஊரைப் புதுக்கும் பணிக்குப் பொருள் எங்கிருந்து வருதல் வேண்டும், வந்த பொருளை எந்த முறையால் பங்கிடல் வேண்டும் என்பதற்கு முன்னரே ஒரு நெறி வகுத்துக்கொள்ளுதல் இன்றியமையாததாகின்றது. அந்நெறியைப் பற்றியே யாம் இங்குச் சில சொல்லப் புகுகின்றோம்.

இப்பொருள் கணக்கர்க்கும் வழக்கறிஞர்க்கும் உரியது, தமிழ் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். திருவள்ளுவர் இறைமாட்சி என்னும் அதிகாரத்தில் அரசுக்குரிய பொருட்கடமைகளை நான்காகப் பகுத்துக் காட்டினார். பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததை முறையறிந்து பிரித்தல் என்பன அவை. ஒரு பேரரசுக்கு அவர் சொன்ன இந்நான்கும் ஒரு பேரூராட்சிக்கும் அப்படியே பொருந்துவன. யாமும் அவ்வரிசையையே பின்பற்றுவோம்.

முதற்கண் பொருள் வரும் வழியை ஆராய்வோம். நம் நாட்டில் உள்ளூர் ஆட்சிக்கு இக்காலத்து வடிவம் தந்தவற்றுள் 1882ஆம் ஆண்டு ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் ஒன்று. ஊராரே தம் ஊர்க் காரியங்களை நடத்திப் பழகுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. விடுதலைக்குப் பின்னர், 1992ஆம் ஆண்டில் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகளை அரசியலமைப்பின் உறுப்பாகவே ஆக்கிற்று. அவற்றிற்கு ஒப்படைக்கத்தக்க பதினெட்டுப் பணிகளைத் தனி அட்டவணையாக எழுதியது. மாநிலத்தின் வருவாயில் உள்ளாட்சிகளுக்குரிய பங்கை ஆராய்ந்து பரிந்துரைக்க, ஐயாண்டுக்கு ஒருமுறை மாநில நிதிக்குழு அமைத்தல் வேண்டும் என்றும் விதித்தது. அதன்வழித் தமிழ்நாட்டில் மாநில அரசின் சொந்த வரி வருவாயில் பத்திலொரு பங்கு ஊரக, நகர உள்ளாட்சிகளுக்கு எனப் பிரித்தளிக்கப்பட்டு வருகின்றது.

இஃது ஒருபுறம் இருக்க, ஊர் தானே ஈட்டும் பொருளுள் தலையாயது சொத்து வரி. வீடும் கடையும் உடையார் அவற்றின் அளவுக்கும் இடத்திற்கும் ஏற்பச் செலுத்துவது அது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் உயர்த்தப்படாதிருந்த இவ்வரி 2022ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டது. பேரூராட்சிகளில் குடியிருப்பு வீடுகளுக்கு வகுத்த அளவு நோக்கத்தக்கது. 600 சதுர அடி வரையுள்ள வீட்டிற்கு 25 விழுக்காடும், 1,200 வரை 50 விழுக்காடும், 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேற்பட்ட வீட்டிற்கு 100 விழுக்காடும் வரி கூட்டப்பட்டது. சிறு வீட்டான் சிறிது கூடுதலும், பெரு வீட்டான் பெரிது கூடுதலும் தருக என்பது இதன் உட்கருத்து. இக்கருத்தை அன்பர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் இதனிடத்தே மீண்டும் வருவோம்.

மூன்றாவது வழி, நடுவணரசின் நிதிக்குழு வழங்கும் மானியம். இதில் ஒரு நுட்பம் உண்டு. பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரையுள்ள ஆண்டுகளுக்குச் சிறிய நகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டி வைக்கப்பட்டது. எஞ்சிய 40 விழுக்காடே ஊரார் தம் விருப்பப்படி செலவிடத்தக்கது. தருபவர் நோக்கப்படி செலவாதல் வேண்டும் என்னும் கவலையே இதன் காரணம். அதனால் ஒரு நன்மையும் உண்டு. ஓர் இடர்ப்பாடும் உண்டு. சந்தைக் கூரை சரிந்து கிடக்கும் ஊர், குழாய்க்கென வந்த பணத்தைக் கொண்டு அக்கூரையை எழுப்புதல் இயலாது.

நான்காவது வழி கடன். பெருநகரங்கள் தம் பெயரால் கடன் பத்திரம் வெளியிட்டுப் பொருள் திரட்டும். சிற்றூரின் பத்திரத்தை வாங்குவார் யார்? இவ்வினாவிற்குத் தமிழ்நாடு கண்ட விடை பிற மாநிலத்தாரும் வந்து பார்த்துச் சென்றதாகும். 1990இல் தமிழ்நாடு நகர்ப்புற நிதி மற்றும் உட்கட்டமைப்பு வளர்ச்சிக் கழகமும், 1996இல் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும் தோன்றின. 2002இல் குடிநீருக்கும் துப்புரவுக்குமான ஒரு கூட்டு நிதியம் அமைத்து, பத்துக்கு மேற்பட்ட சிறு நகர உள்ளாட்சிகளின் தேவைகளை ஒன்றாகக் கட்டி, ஏறத்தாழ 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டனர். தனித்தனி நூல் அறுந்துபோம். முறுக்கிய கயிறு தேரையும் இழுக்கும் அன்றோ?

இனி ஐந்தாவது வழி, ஊரார் தாமே பங்களிப்பது. எமது கட்டுரையின் உயிர்நிலை இவ்விடத்திலேதான் உள்ளது. 1997-98ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு 'நமக்கு நாமே' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2011-12இல் அது தன்னிறைவுத் திட்டம் என்னும் பெயர் பூண்டது. 2021-22இல் பழைய பெயரோடு மீண்டும் வந்தது. இதன் பொது விதி எளிது. ஒரு தெருவார் தமக்கு வேண்டிய பணியைக் குறித்து, அதன் மதிப்பில் மூன்றிலொரு பங்கைத் தாம் செலுத்துவராயின், எஞ்சிய இரு பங்கை அரசு ஏற்கும். ஆதிதிராவிடர், பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளுக்கு ஊரார் பங்கைக் குறைத்தும் விதி செய்தனர்.

இம்முறையின் வலிமைக்குச் சென்னையை அடுத்த ஆலந்தூர் சான்றாகும். 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைவதற்கு முன்னர் அது தனி நகராட்சியாய் இருந்தது. 1996இல் நகராட்சித் தலைவராய்த் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர். எஸ். பாரதியும் அவர்தம் மன்றத்தாரும் நகரெங்கும் பாதாளச் சாக்கடை அமைக்க முனைந்தபோது, கையில் போதிய பொருள் இல்லை. குடியிருப்போர் சங்கங்களை அழைத்துப் பேசி, வீடொன்றுக்கு 5,000 ரூபாய் முன்வைப்பாகத் தருமாறு கேட்டனர். மண்ணுக்கடியில் இனிமேல் வரப்போகும் குழாய்க்கு முன்னதாகவே பணம் கட்டுவார் உளரோ எனப் பலர் ஐயுற்றனர். மக்கள் கட்டினர். அவ்வாறு மக்கள் தந்த பொருளே பிற கடனும் மானியமும் வருவதற்குப் பிணையாயிற்று. தாம் பணம் தந்த வேலையை மக்கள் கண்விழித்துப் பார்ப்பர். பள்ளம் எத்தனை அடி, குழாய் எவ்வகை, ஒப்பந்தக்காரர் வந்தாரா என்று வினவுவர். பொறுப்பு என்பது இங்ஙனமே பிறக்கின்றது.

நிற்க. பிற நாட்டார் கண்ட வழி ஒன்றையும் ஒப்பு நோக்குதல் நலம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1952 முதல் ஒரு புதுமுறை வழங்கிற்று. பாழடைந்த ஒரு பகுதியைப் புதுக்குதற்குரிய வட்டாரம் என நகரத்தார் அறிவிப்பர். அன்று அவ்வட்டாரம் தரும் சொத்து வரியை அடிமட்டமாகக் குறித்து வைப்பர். புதுக்கிய பின் நிலமும் கட்டடமும் மதிப்பில் உயர, வரியும் உயரும் அன்றோ? அந்த உயர்வை மட்டும் பிரித்தெடுத்து, புதுக்குவதற்கு வாங்கிய கடனை அடைப்பர். நாளை விளையும் நெல்லை நம்பி இன்று வித்துக்கடன் வாங்குதல் போன்றது இது. அறிவுடைய ஏற்பாடாகவே தோன்றும். ஆயினும் அவ்வரியின் ஒரு பகுதி பள்ளிகளுக்கும் பிற பொதுப் பணிகளுக்கும் உரியது. அவற்றிற்குச் சேரவேண்டிய வளர்ச்சியும் புதுக்குதற்கே போயிற்று. அக்குறையை மாநில அரசு நிரப்ப வேண்டியதாயிற்று. ஈற்றில் ஏறக்குறைய 400 புதுக்க நிறுவனங்கள் 2012ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளோடு கலைக்கப்பட்டன. அம்முறையில் பொருள் ஈட்டும் திறம் இருந்தது. பிரிக்கும் முறையிலேதான் பிழை நேர்ந்தது.

அடுத்துக் காத்தலைக் கூறுவோம். பொதுப் பொருளைக் காப்பது கணக்கு. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அவற்றுள் வாக்குரிமையினும் எம்மைக் கவர்ந்தது வேறொரு விதி. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும், பின்னர்க் குடவோலைக்குப் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்பது அது. அச்சபை அந்தணர் சபை. நிலமும் மனையும் உடையார்க்கே அதில் இடம். உழைப்பாளர்க்கும் மாதர்க்கும் இல்லை. அக்குறையை மறைத்து அதனைப் புகழ்தல் வாய்மையாகாது. ஆயினும் கணக்குக் காட்டாதவன் பொதுப்பணிக்கு ஆகான் என்னும் கொள்கையை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்தனர் என்பதை மறத்தலும் ஆகாது.

திருவெண்ணெய்நல்லூரும் இவ்வகையில் நமக்கு ஒரு பாடம் தருகின்றது. சுந்தரர் மணப்பந்தரில் முதியவர் ஒருவர் ஓலை காட்டி வழக்கிட்ட வரலாற்றைப் பெரியபுராணம் படித்தோர் அறிவர். வழக்கு இவ்வூர் அவைக்கு வந்தபோது, அவையத்தார் முதியவரின் தோற்றத்தையும் நோக்கவில்லை. மணமகனின் செல்வத்தையும் நோக்கவில்லை. வழக்கம் உண்டா, எழுத்து உண்டா, கண்டார் உண்டா என வினவினர். கிழிக்கப்பட்டது படியோலை என அறிந்து மூலவோலையைக் கேட்டனர். பாட்டனார் கையெழுத்தை, காப்பிலிருந்த வேறோர் ஓலையின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புரைத்தனர். சமயக் கருத்தை அச்சமயத்தார்க்கே விட்டு, ஊரவை நடந்த முறையை மட்டும் யாம் நோக்குகின்றோம். எழுதி வைத்தலும், எழுதியதைப் பேணலும், பலர் அறிய எடுத்து ஒப்பிடலும் அன்று இவ்வூரார்க்கு இயல்பாய் இருந்தன என்று அக்காப்பியம் காட்டுகின்றது. இன்று பேரூராட்சி ஒவ்வொன்றும் வைத்துப் பேணவேண்டிய மதிப்பீட்டு ஏடும் அளவு ஏடும் அம்மூலவோலையின் வழிவந்தனவே.

ஈட்டலும் காத்தலும் இவ்வாறாக, இனி எஞ்சியது பிரித்தல். நான்கனுள் அரிதும் இதுவே. இதனை விளக்க யாம் கண்ட ஒன்றைச் சொல்லுவோம். ஊரின் பெயர் வேண்டா. சென்ற விடுமுறையில் யாம் உறவினரைக் காணச் சென்ற சிற்றூரில் அடுத்தடுத்து இரண்டு தெருக்கள் இருந்தன. ஒன்றில் கடைக்காரரும் ஆசிரியரும் வாழ்ந்தனர். அவர்கள் ஒருங்கு கூடி மூன்றிலொரு பங்கைத் திரட்டிக் கட்டினர். சிமெண்டுச் சாலை வந்தது. பழைய சாலையின்மேல் புதிய சாலை போட்டமையால் தெரு முக்கால் முழம் உயர்ந்தது. மற்றொரு தெரு கூலி வேலை செய்வார் தெரு. அவர்கள் பணம் கட்டவில்லை. பங்கு குறைக்கப்படும் பகுதிகளிலும் அத்தெரு சேரவில்லை. மழை வந்தது. நீர் பள்ளத்தையே நாடும் என்பது எவரும் அறிந்ததே.

அத்தெருவில் திண்ணையில் அமர்ந்து நனைந்த நெல்லை உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், "பாட்டி, உங்கள் தெருவாரும் சேர்ந்து பணம் கட்டியிருக்கலாமே" என்று யாம் அறியாமையாற் கேட்டுவிட்டோம். அவர் சினக்கவில்லை. "கட்டலாம் தம்பி. கூலி கிடைத்த நாளில் அடுப்பு எரியும். கிடைக்காத நாளில் எரியாது. இதில் எதை எடுத்து எங்கே கட்டுவது? அவர்களும் நல்லவர்கள்தாம், தங்கள் பணத்தைத் தான் போட்டார்கள். ஆனால் அவர்கள் தெரு உயர்ந்தது, எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது" என்றார்.

இவ்விடையை யாம் நெடுநாள் எண்ணிப் பார்த்தோம். யாரும் குற்றம் செய்யவில்லை. கடைத்தெருவார் தம் பொருளை ஊர்ப்பணிக்குத் தந்தனர், அது பாராட்டற்குரியது. விதியோ எழுத்துப்படி நின்றது. ஆயினும் பொதுப்பொருளின் இரு பங்கு, முன்னரே ஒரு பங்கு உடையாரிடத்தே சென்றது. இல்லாரிடத்து நீர் மட்டும் சென்றது. பங்களிப்பையே தகுதியாக வைக்கும் நெறி, பொறுப்பை வளர்க்கும் அதே வேளையில், தேவைக்குப் பதிலாகத் திறத்தையே அளக்கத் தொடங்கிவிடுகின்றது. சொத்து வரியில் சிறு வீட்டானுக்குச் சிறிதும் பெரு வீட்டானுக்குப் பெரிதும் விதித்த நீதியை, பங்களிப்பிலும் நாம் ஏன் பின்பற்றலாகாது?

விவிலியத்தில் நெகேமியாவின் ஆகமம் இவ்விரு பக்கத்தையும் ஒருங்கே காட்டுகின்றது. இடிந்த எருசலேமின் மதிலை எடுத்துக் கட்டியபோது, பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைத் தாமே கட்டினர். இஃது அக்காலத்து 'நமக்கு நாமே' எனலாம். ஆனால் மதில் எழும்பிக்கொண்டிருக்கும்போதே ஏழைகளின் கூக்குரலும் எழும்பிற்று. உணவுக்கும் வரிக்குமாக நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம் என்று அவர்கள் முறையிட்டனர். நெகேமியா மதில்வேலை முடியட்டும் என்று அதனைத் தள்ளி வைக்கவில்லை. செல்வரைச் சபையில் நிறுத்தி, வட்டியை விடவும் நிலங்களைத் திருப்பித் தரவும் உறுதி வாங்கினார். தமக்குரிய ஆளுநர் படியையும் வாங்காது விட்டார். சுவர் எழுப்புவது மட்டும் ஊரைப் புதுக்குதல் ஆகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆதலின் ஒரு சிறு நகரம் தன் புதுக்கப் பணிகளுக்கு நெறி வகுக்குமாயின், பின்வருவன அதில் இடம்பெறுதல் நலம் என யாம் கருதுகின்றோம். முதலாவது, விண்ணப்பங்கள் வருமுன்னரே முதன்மை வரிசை எழுதப்பட வேண்டும். எத்தெருவில் நீர் தேங்குகின்றது, எத்தனை வீடு, பள்ளியும் மருத்துவமனையும் செல்லும் வழி எது என்பவற்றைக் கொண்டு அவ்வரிசை அமைந்து, அலுவலகச் சுவரில் எவரும் படிக்குமாறு ஒட்டப்பட வேண்டும். விண்ணப்பம் கண்ட பின் எழுதும் விதி, முகம் கண்டு எழுதும் விதியாகிவிடும். இரண்டாவது, ஒரு தெருவின் பணியை மதிப்பிடுங்கால் அதன் நீர் சென்று சேரும் அடுத்த தெருவின் வடிகாலையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்து, மட்டம் உயராமல் புதியது இடல் வேண்டும். மூன்றாவது, இல்லார் தெருவின் பங்கை ஈடுசெய்ய, வரி வருவாயில் ஒரு சிறு பகுதியை ஆண்டுதோறும் தனியே ஒதுக்கல் வேண்டும். நான்காவது, கட்டுதற்குப் பொருள் ஒதுக்கும்போதே காத்தற்கும் ஒதுக்கல் வேண்டும். தூர் வாராத சாக்கடை, கட்டாத சாக்கடையினும் தீது. ஐந்தாவது, கணக்கு ஊரார் முன் படிக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் முதல் நாளில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கப்பெற்றன. அத்தகைய சபைகளில் வரவும் செலவும் வாய்விட்டுப் படிக்கப்படுமாயின் உத்தரமேரூர்க் கல்வெட்டு மீண்டும் உயிர்பெற்றதாகும். முன்பு அதில் இடமில்லாதிருந்தார்க்கும் இன்று இடமுண்டு.

இவையெல்லாம் அதிகாரிகளும் மன்றத்தாரும் செய்யற்பாலன, மாணவராகிய நாம் செய்வது யாது என்று கேட்பீராயின், ஒன்று சொல்வோம். நம்மிற் பலர் விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். நம் வீட்டாருள் எழுத்தும் எண்ணும் ஒருங்கு கற்றவர் முதன்முதல் நாமே என்பாரும் உளர். விடுமுறையில் ஊர் செல்லும்போது, சபை கூடும் நாளில் ஒரு மூலையில் அமர்ந்து மதிப்பீட்டைப் படித்துப் பொருள் சொல்லுதல் நம்மால் இயலும். பழந்தமிழ்ப் பாட்டுக்கு உரை காணக் கற்ற நாம், ஊர்க் கணக்குக்கும் உரை காணலாகாதோ?

சடையப்ப வள்ளலின் ஈகையை இன்றும் தமிழுலகம் நினைக்கின்றது, அது தக்கதே. எனினும் அவ்வள்ளலின் ஊரும் அதனையொத்த நூற்றுக்கணக்கான ஊர்களும் இனி வேண்டி நிற்பது, கொடுப்பார் முகம் பாராது, வாங்குவார் முகமும் பாராது, தேவையின் முகம் ஒன்றையே பார்க்கும் நெறியாகும். அந்நெறி எழுதப்படும் நாளில், திண்ணையில் நெல் உலர்த்திய மூதாட்டியின் தெருவும் அவ்வேட்டில் ஒரு வரியாக இடம்பெறுமாக.